அண்ணன் படிக்கிற வலைப்பூ

எழுத்தின் மேல் இருந்த ஆசையால்தான் நான் வலைப்பூ தொடங்கினேன் என்று யாராவது நினைத்தால் அது சுத்தப் பொய். கோபத்தில் தொடங்கினேன். என் அண்ணன் மகனுடைய கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் இல்லை. பெண் வீட்டு ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கெல்லாம் பெயர், பெயருக்குப் பக்கத்தில் பட்டம், பட்டத்துக்குக் கீழே ஊர். மாப்பிள்ளையின் சொந்தச் சித்தப்பன் நான், எனக்கு ஓர் ஓரத்தில்கூட இடமில்லை. அச்சகத்தில் விட்டுப்போய்விட்டதாம். “அச்சடிச்சு வந்ததும் பாக்கலையா?” என்று கேட்டேன். “பாத்தேன், அதுக்கு இப்ப என்னலே?” என்றார் அண்ணன். அவருக்கும் கோபம் மூக்குக்கு மேலேதான் இருக்கும். எங்கள் அய்யா இரண்டு பேருக்கும் சொத்தைப் பிரித்ததில் சரிசமமாகப் பிரிந்தது அது ஒன்றுதான். நான் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றோடு எங்களுக்குள் பேச்சு வார்த்தை நின்றது.

எங்கள் பக்கத்தில் பேச்சு வார்த்தை இல்லை என்றால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஆண்கள் பேச மாட்டார்கள். பெண்கள் வழக்கம்போலப் பேசிக்கொள்வார்கள். என் மனைவியும் மதினியும், அதாவது அண்ணன் மனைவியும், இராமநாதபுரம் சந்தையில் சந்தித்தால் ஒரு பஸ்ஸைத் தவறவிடாமல் பிரிந்ததே கிடையாது. நானும் அண்ணனும் எதிரே வர நேர்ந்தால் அவர் ஆகாயத்தைப் பார்ப்பார், நான் என் செருப்பைப் பார்ப்பேன். முதலில் வாய் திறக்கிறவன் தோற்றவன். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, பிறக்கும்போதே தெரிந்துகொண்டுதான் வருகிறோம்.

சரி, பத்திரிகையில் போடாவிட்டால் போகட்டும், உலகமே பார்க்கிற இடத்தில் என் பெயரை நானே போட்டுக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். அண்ணனுக்குச் சொந்த ஊரிலேயே மிளகாய் விவசாயம், தேவிபட்டினத்தில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால் உள்ளே கருகிய செப்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்க வேண்டும். இந்தக் கரையில் உப்புத் தண்ணீர் மோட்டார்களைத் தின்றுகொண்டே இருப்பதால் பிழைப்புக்குக் குறைவில்லை. கட்டிய காயிலில் வார்னிஷ் காயும்வரை சும்மா இருக்க வேண்டும். அந்த நேரத்தில் போனை எடுத்துத் தட்டுவேன். கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயிலுக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சாமியைக் கேட்பதற்கு முன்னால் என் கடையில் வந்து கழிப்பறையைக் கேட்பார்கள். அதை எழுதினேன். அய்யாவை எழுதினேன். எங்கள் ஊர்க் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்த வருஷத்தை எழுதினேன். எல்லாவற்றுக்கும் மேலே என் பெயர், பெரிய எழுத்தில்.

முதலில் எல்லோரும் கூடிக் கிடக்கிற பொதுப் பக்கம் ஒன்றில்தான் எழுதினேன். அங்கே எழுதுவது சந்தைக்கு நடுவில் நின்று கத்துவது மாதிரி இருந்தது. காலையில் எழுதியது மத்தியானம் எங்கே போனதென்று தெரியாது. அய்யா செத்துப்போன நாளைப் பற்றி எழுதியதற்கு ஒருத்தன் “சூப்பர் மாமா” என்று போட்டான். நான் அவனைப் பிடித்துத் திட்ட, அவன் அப்பா என்னைத் திட்ட, அடுத்த காதுகுத்துக்கு அந்த வீட்டிலிருந்தும் அழைப்பு வரவில்லை. பிறகு இலவசமாக வலைப்பூ தருகிற ஓர் இடத்துக்குப் போனேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அய்யாவின் திதி அன்று ஒரு பதிவு போட்டேன். கருப்பு வெள்ளையில் அய்யா படம். அதற்குப் பக்கத்திலேயே, சீட்டு விளையாடி இலட்சாதிபதி ஆகுங்கள் என்று ஒரு பெண் கண்ணடித்துக்கொண்டிருந்தாள். போனைத் தூக்கிச் சுவரில் அடிக்காததுதான் பாக்கி.

“நீங்க எழுதுறது யாருக்கு?” என்று கேட்டாள் என் மனைவி.

அவள் எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள். காலால் மிதித்துக்கொண்டே பேசுவாள், தலையைத் தூக்க மாட்டாள்.

“யாருக்குன்னா? எல்லாருக்குந்தான்.”

“எல்லாருக்கும் சேருற மாதிரி ஒரு ரவிக்கை தச்சுக் குடுக்கவா? போட்டுப் பாருங்க. ஆளு யாருன்னு தெரியாம துணிய வெட்டுனா அது கரித்துணிக்குத்தான் ஆகும். மொதல்ல அளவு எடுங்க.”

எனக்கு ரோஷம் வந்தது. “பேசுறவ நீயே எழுத ஒரு எடம் பாத்துக் குடு” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். வாயைக் கொடுத்து நன்றாக மாட்டிக்கொண்டேன், ஆனால் என் வாழ்நாளில் நான் மாட்டிக்கொண்டதிலேயே நல்ல மாட்டல் அது. அன்றிலிருந்து எழுதுவது மட்டும்தான் என் வேலை. மற்றது எல்லாம் அவள்.

அவள் கண்டுபிடித்த தளம் வெறும் வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. விளம்பரம் இல்லை, கண்ணடிக்கிற பெண் இல்லை. பெயர், பதிவு, கீழே கருத்து எழுத ஓர் இடம், அவ்வளவுதான். அந்தத் தளத்தில் இன்னொரு வசதி இருந்தது. யாருடைய மின்னஞ்சல் முகவரியைப் போட்டு வைக்கிறோமோ, அவர்களுக்குப் புதுப் பதிவு தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். அவர்கள் எங்கேயும் தேடி வர வேண்டியதில்லை. அவள் தன் தம்பி முகவரியைப் போட்டாள், அவன் துபாயில் இருக்கிறான். ஏர்வாடியில் லாட்ஜ் வைத்திருக்கும் பாய், என்னிடம் மோட்டார் கொடுக்கிறவர், அவர் முகவரியைப் போட்டாள். எனக்குச் சொல்லாமல் என் அண்ணன் முகவரியையும் போட்டாள். அண்ணனுக்கு ஏது மின்னஞ்சல் என்கிறீர்களா? பயிர் இன்சூரன்ஸுக்காக இ-சேவை மையத்தில் ஆரம்பித்துக் கொடுத்தது. மதினியிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

விஷயம் தெரிந்ததும் வீட்டில் ஆடித் தீர்த்துவிட்டேன். “அவரு கால்ல என்னையக் கொண்டுபோயி விழ வச்சுட்டியே!” என்று கத்தினேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“நீங்களா அனுப்புனீக? தளம் அனுப்புது. அவரா கேட்டாரு? தானா வருது. யாரும் யார்கிட்டயும் பேசலையே?”

யோசித்துப் பார்த்தால் சரிதான். என் சொந்த முகவரியிலிருந்து ஒரு வரி அனுப்பினால் அது பேச்சு. தளம் அனுப்பினால் அது பேச்சில்லை. எந்தப் பஞ்சாயத்தில் வைத்தாலும் இது நிற்கும். “படிச்சாராமா?” என்று கேட்டேன்.

“மொளகாக் களத்துல நின்னுக்கிட்டே படிச்சாராம். ஒண்ணும் சொல்லலையாம். ஆனா ரெண்டாந்தரமும் படிச்சாராம்.”

அப்படி ஆரம்பித்தது. முழங்கால் வலி என்று ஒரு பதிவில் போகிற போக்கில் எழுதினேன். அந்த வாரமே ஊர் பஸ்ஸில் ஒரு கட்டு முடக்கத்தான் கீரை வந்து இறங்கியது. யார் கொடுத்தார்கள் என்று கண்டக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அய்யா வைத்திருந்த செவலைக் காளை என்று ஒரு முறை எழுதினேன். மறுநாள் மதினி என் மனைவிக்குப் போன் செய்தார்: “அது செவலை இல்லையாம்த்தா, மயிலையாம். யாரு சொன்னான்னு மட்டும் கேக்காத.” சிவப்புக் காளையைச் சாம்பல் நிறமாக்கிப் பதிவைத் திருத்தினேன். அண்ணன் வயல் மோட்டார் எரிந்தபோது அது பேசாமல் ஒரு ஆட்டோவில் ஏறி என் கடைக்கே வந்தது. இத்தனைக்கும் அவர் ஊருக்குப் பக்கத்திலேயே இரண்டு கடைகள் இருக்கின்றன. அந்த மோட்டாரைக் கட்டிய மாதிரி நான் எதையும் கட்டியதில்லை. அது இன்றைக்கும் ஓடுகிறது.

பிறகு நான் வேண்டுமென்றே தப்பு விட ஆரம்பித்தேன். களத்து வேப்பமரம் கிணற்றுக்கு மேற்கே என்று எழுதுவேன், கிழக்கே என்று திருத்தம் வரும். பெரியம்மா ஊர் சாயல்குடி என்று எழுதுவேன், இல்லை முதுகுளத்தூர் என்று வரும். “பெரியம்மா ஊரு உங்களுக்குத் தெரியாதாக்கும்?” என்று என் மனைவி ஒருநாள் பிடித்துவிட்டாள். நான் சிரித்து மழுப்பினேன்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஊர் டீக்கடையில் ஒருத்தன், “உங்க தம்பி என்னமோ கதை எழுதுறாராமே, வேலை வெட்டி இல்லாம” என்று இளித்திருக்கிறான். அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “படிச்சிருக்கியாலே? படிச்சுட்டு வந்து பேசு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். என்னோடு பேசாத மனுஷன் எனக்காகப் பேசியிருக்கிறார். இதைக் கேட்ட அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு காயிலைத் தப்பாகச் சுற்றி மறுபடி பிரித்தேன். மிளகாய் வத்தலைக் கையில் எடுத்துக் காதோரம் குலுக்கிப் பார்த்தே காய்ந்துவிட்டதா என்று சொல்கிறவர் அவர். என் பதிவையும் அப்படிக் குலுக்கிப் பார்த்துத்தான் படிப்பார் என்று எனக்குத் தோன்றும். அதனாலேயே நான் கொஞ்சம் கவனமாக எழுதக் கற்றுக்கொண்டேன்.

என் மனைவியோ தளத்தைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். குப்பைக் கருத்துகளை அவ்வப்போது கூட்டித் தள்ளுவாள். படங்களின் கனத்தைக் குறைப்பாள், இல்லாவிட்டால் ஊருக்குள் சிக்னல் இல்லாத இடத்தில் திறக்காதாம். எழுதியது அத்தனைக்கும் ஒரு நகல் எடுத்து, மெஷின் டிராயரில் பாபின்களுக்கு நடுவே ஒரு பென் டிரைவில் வைத்திருப்பாள். “நவபாஷாணத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும்?” என்று முகம் தெரியாதவர்கள் கேட்டால் பொறுமையாகப் பதில் போடுவாள். நானாக இருந்தால் இது என்ன விசாரணை ஆபீஸா என்று எரிந்து விழுந்திருப்பேன். அவளிடம் விட்டதால் அவர்களில் சிலர் என் எழுத்தையும் படித்துவிட்டுப் போனார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தளத்துக்காரர்கள் கடையை மூடப் போகிறோம் என்று அறிவித்தார்கள். நடத்தக் கட்டுப்படியாகவில்லையாம். அவரவர் எழுதியதை அவரவர் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று ஒரு கெடு வைத்தார்கள்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எழுதியது போனால்கூடப் பரவாயில்லை, நகல் இருக்கிறது. அண்ணனுக்குப் போவது நின்றுபோனால்? தளம் மாறிவிட்டது, இனி இங்கே வந்து படியுங்கள் என்று அவரிடம் நான் சொல்ல முடியாது, அது பேச்சு. ஏன் வரவில்லை என்று அவர் கேட்க மாட்டார், தலையே போனாலும் கேட்க மாட்டார். எங்களுக்குள் இருந்தது அந்த ஒரே ஒரு வழி. அது அடைபட்டால் அப்புறம் யாராவது ஒருவர் பாடையில் போகும்போதுதான் மற்றவர் வந்து நிற்பார். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எங்கள் சொந்தத்திலேயே அப்படி நடந்த வீடுகள் இருக்கின்றன.

“அளவு எடுத்தாச்சு. இனி துணிதான் பாக்கணும்” என்றாள் மனைவி. அண்ணனுடைய அளவைத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

அவள் தளம் தேர்ந்தெடுத்த அழகு இருக்கிறதே, அடேயப்பா! ஒவ்வொரு தளத்திலும் சும்மா ஒரு வலைப்பூவைத் தொடங்கி, ஒரே ஒரு பதிவைப் போட்டு, தனக்கே அனுப்பிப் பார்ப்பாள். அண்ணன் போன் பழையது, மூலையில் விரிசல் விட்டது என்பதால் எங்கள் வீட்டில் மூலையில் கிடந்த என் பழைய போனைத் துடைத்து எடுத்தாள். ஒரு தளத்தில், அந்தப் பழைய போனில் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று தமிழ் எழுத்துகள் பிய்ந்து தெரிந்தன. வேண்டாம். இன்னொன்று நன்றாக இருந்தது, ஆனால் படிக்கிறவர் பெயர், பிறந்த தேதி எல்லாம் கொடுத்து உள்ளே நுழைய வேண்டும். “அத்தான் வாசல்ல பேரு கேட்டா திரும்பிப் போயிருவாக” என்று அதையும் தள்ளினாள். அத்தான் என்றால் அவளுக்கு என் அண்ணன். மூன்றாவதாக ஒன்றைப் பிடித்தாள். அதைச் சோதிக்க உச்சி வெயிலில் பழைய போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய் நின்றாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, போனைத் தூரத்திலும் கிட்டத்திலும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னவோ ஏதோ என்று நின்று பார்த்தார்கள்.

“அங்கன என்ன பண்ற?” என்று கேட்டேன்.

“களத்துல வெயில்லதான படிக்கிறாக. இந்தச் சாம்பக் கலரு எழுத்து வெயில்ல தெரியல. கறுப்பாக்கணும். இன்னும் கொஞ்சம் பெருசாக்கணும்.”

இப்படி ஒருத்திக்கு நான் புருஷனாக வாய்த்தது என் அதிர்ஷ்டம். இதை அவளிடம் சொன்னால், “சரி சரி, அந்த அதிர்ஷ்டத்துல போயி நூல்கண்டு வாங்கிட்டு வாங்க” என்பாள். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

புதுத் தளத்தில் எங்களுக்கென்று சொந்தமாக ஒரு முகவரி எடுத்தாள். இனி எந்தத் தளம் மூடினாலும் முகவரி நம்மோடு வரும், பட்டா நம் பெயரில் இருக்கிறது என்றாள். பழைய பதிவுகளை எல்லாம் கருத்துகளோடு கொண்டுவந்து சேர்த்தாள். படங்களில் பாதி வழியில் தொலைந்துபோயின. பொங்கலுக்கு ரவிக்கை குவிந்துகிடந்த நேரம் அது. ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைப்பாள், இரண்டு படம் ஏற்றுவாள், மறுபடி கொக்கி. மெஷின் சத்தம் நின்றால் படம் ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். எல்லாம் முடிந்து புது வீட்டில் முதல் பதிவைப் போட்டேன். அதன்பிறகுதான் குண்டு விழுந்தது.

புதுத் தளத்தில் ஒரு விதி. நாமாக யார் முகவரியைப் போட்டாலும் பதிவு போகாது. முதலில் அவருக்கு ஒரு மடல் போகும்: இன்னாருடைய பதிவுகள் உங்களுக்கு வேண்டுமா? வேண்டும் என்றால் அவரே அதில் இருக்கும் பொத்தானை அமுக்கிச் சம்மதம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அனுப்புவார்கள். நல்ல விதிதான், கண்டவர்கள் கண்டதை அனுப்பித் தொல்லை கொடுக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. துபாய்க்காரன் அமுக்கினான். பாய் அமுக்கிவிட்டுப் போனும் செய்தார், “அல்ஹம்துலில்லாஹ், வந்துருச்சு” என்று. அண்ணன் முகவரிக்கு நேரே மட்டும் ‘காத்திருக்கிறது’ என்று நின்றது.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தானாக வந்ததைப் படிப்பது வேறு, எனக்கு என் தம்பி எழுதுவது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வது வேறு. அவர் எப்படிச் சொல்வார்? நானாக இருந்தால் சொல்வேனா? மதினியிடம் கேட்கச் சொன்னேன். “மெயிலு வந்துருக்கு. காலைல எடுத்துப் பாக்குறாக. மொகத்தச் சுளிச்சிக்கிட்டு வச்சுடுறாக. என்னன்னு கேட்டா வள்ளுன்னு விழுறாக” என்றார் மதினி. அவர் போனை வேறு யாரும் தொடவும் முடியாது. என் மனைவி அந்த மடலை மறுபடியும் அனுப்பினாள். மறுபடியும் காத்திருக்கிறது. நான் பழைய தந்திரத்தை நினைத்து, அய்யா காளையைச் செவலை என்றே எழுதி ஒரு பதிவு போட்டேன். திருத்தம் வரவில்லை. எப்படி வரும், போய்ச் சேர்ந்தால்தானே. கீரைக்கட்டும் வரவில்லை. கடையில் உட்கார்ந்து பஸ் வந்து போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

“சரி, மொளகா வாங்கப் போகணும். வண்டிய எடுங்க” என்றாள் என் மனைவி ஒருநாள். வருஷா வருஷம் மதினியிடம்தான் முண்டு மிளகாய் வத்தல் வாங்குவாள், பஸ்ஸில் போய் வருவாள்.

“பஸ்ஸுலயே போயேன்.”

“இந்தத் தடவ மூட்ட பெருசு. நீங்க வண்டி ஓட்டுறவரா மட்டும் வாங்க. உள்ள வர வேணாம், வாயத் தொறக்க வேணாம்.”

வண்டி ஓட்டுகிறவனாகப் போனேன். அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே களம். சிவப்பாகப் பரந்து கிடந்த வத்தலுக்கு நடுவில் அண்ணன் பலகையால் கிளறிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். உடனே ஆகாயத்தைப் பார்த்தார். நான் வண்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு அதன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“வாத்தா, நல்லாருக்கியா?” என்றார் என் மனைவியிடம். “தூரம் வந்துருக்க. வண்டி ஓட்டுனவருக்குத் தண்ணி வேணுமான்னு கேளு.”

“வேண்டாமாம் அத்தான்” என்றாள் அவள், என்னைக் கேட்காமலே. பிறகு நேராக விஷயத்துக்கு வந்தாள். “அத்தான், ஒரு மெயிலு வந்துருக்குமே. அதுல ஒரு பட்டன அமுக்கணும். நீங்க அமுக்கலையாமே?”

அண்ணனுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. இடுப்பு மடிப்பிலிருந்து போனை எடுத்தார். யாரையும் தொடவிடாத அந்தப் போனை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

“யாரு சொன்னா அமுக்கலன்னு? தெனமும் அமுக்கிக்கிட்டுத்தானத்தா இருக்கேன்! அமுக்குனா நீ மனுசனா மெசினான்னு கேக்குது. மனுசந்தான்னு சொன்னா ஒரு படத்தக் குடுக்குது. ரோட்டுல நிக்கிற சிக்னல் லைட்டு இருக்குற கட்டத்தையெல்லாம் தொடுங்குது. தொட்டேன். அந்த லைட்டு நிக்கிற கம்பத்தையும் தொட்டேன். தப்புன்னு சொல்லிருச்சு. வேற படம் குடுத்துச்சு. அதுலயும் தொட்டேன். அதுவும் தப்பாம். அப்புறமா வான்னு சொல்லுது. நானும் தெனம் காலைல மொத வேலையா இதத்தான் பண்றேன்.”

மதினி வாசலிலிருந்து ஓடி வந்தார். “அட, இதுக்கா மொகத்தச் சுளிச்சீக? நான் தம்பி மெயிலப் பாத்துத்தான் கோபப்படுறீகன்னுல்ல நெனச்சேன்!”

“நான் எதுக்குக் கோபப்படுறேன்? அவன் எழுதுறது வரணும்ல” என்றார் அண்ணன்.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த துணி கீழே விழுந்தது. யார் முதலில் வாய் திறப்பது, யார் தோற்பது எதுவும் எனக்கு ஞாபகமில்லை. வேலியைத் தாண்டி வத்தலை மிதித்துக்கொண்டு போனேன்.

“அண்ணே, கம்பத்த விட்டுருங்கண்ணே! லைட்ட மட்டும் தொட்டாப் போதும்!”

அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

“ஏலே, கம்பம் இல்லாம லைட்டு எங்கனலே நிக்கும்? அந்தரத்துலயா?”

“அது மெசின்ணே, அதுக்குத் தெரியாது. அது கேக்குறத மட்டும் காட்டுங்க.”

“தெரியாததுக்கு எதுக்குலே கேள்வி கேக்குற உத்தியோகம்? ஆமா, நீ வத்தல மிதிக்கிற, காலத் தூக்கு.”

காலைத் தூக்கினேன். என் மனைவி எங்களைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள், மதினி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தார். அண்ணன் அவள் கையிலிருந்து போனை வாங்கி, வெயில் படாமல் உள்ளங்கையால் மறைத்து, மறுபடியும் அந்தப் பொத்தானை அமுக்கினார். புதிதாக ஒரு படம் வந்தது. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் கை என் தோளில் இருந்தது.

“இந்தா, இதுல சைக்கிள் எங்கன இருக்கு, பாத்துச் சொல்லு.”

பார்த்தேன். மிளகாய் நெடி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் பொய் சொல்ல மாட்டேன். கட்டங்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலங்கித் தெரிந்தன, சைக்கிளும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“என்னலே, உனக்கும் தெரியலையா?”